மீனம்பாக்கத்தில் ஒருவரை வழியனுப்பும் முன்

எங்கள் வீடு பொழிச்சலூரில். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். குவைத், துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று ஊரிலிருந்து யார் கிளம்பினாலும், முந்தின நாளே பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். திருச்சியிலிருந்தே விமானம் இருக்கிறதுதான். ஆனால் பண்டிகைச் சமயத்தில் இடம் கிடைக்காது, இல்லையென்றால் கம்பெனி சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு அனுப்பிவிடும். இப்படிச் சித்தப்பா மகன், அத்தை, மாமாவின் பேத்தி, பக்கத்து ஊர்க் கொத்தனார் என்று பலரைப் பல வருடங்களாக மீனம்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் வழியனுப்பி வருகிறேன். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. முதல்முறை போகிற ஒருவரை அனுப்பிவைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

விமான நிலைய வாசலில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து உள்ளே விடும் சிஐஎஸ்எஃப் வீரர் வரைக்கும்தான் நாம் கூடப் போக முடியும். அதற்கு அப்புறம் செக்-இன், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட் என்று எல்லாவற்றையும் போகிறவர் தனியாகத்தான் கடக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டு அவசர அவசரமாகச் சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. அம்மா அழுதுகொண்டிருப்பார், குழந்தை காலைக் கட்டிக்கொண்டிருக்கும், பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தின இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சொல்லி முடித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

முதலில் தேதி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் பலர் "பதினஞ்சாம் தேதி ராத்திரி ஃபிளைட்டு" என்றே சொல்லி, அதன்படி ரயிலுக்கும் முன்பதிவு செய்துவிடுகிறார்கள். யார் போனில் "இந்தத் தேதிக்கு வர்றோம்" என்றாலும் நான் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுவேன். பன்னாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னதாக வாசலில் இருப்பது நல்லது. முதல்முறை போகிறவர் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் பலருக்குக் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். டிக்கெட் போடுகிறவர் "கே. முருகேசன்" என்று ஆதாரில் இருப்பதைப் பார்த்துப் போட்டுவிட்டால், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு அது ஒட்டாது. கவுண்டரில் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லாகப் பெயர் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் உள்ளே தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த நவம்பரில் தமிழ்நாட்டிலிருந்து கிளம்ப இருந்த பல பேர் தவித்தார்கள், எங்கள் ஊரிலும்தான். இப்போது புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிடு, பின்னால் எந்த நாட்டுக்குப் போனாலும் வம்பில்லை. டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வழியைப் பற்றி. எல்லோரும் மீனம்பாக்கம் ஏர்போர்ட் என்றுதான் சொல்கிறோம். ஆனால் மின்சார ரயிலில் வருகிறவர் மீனம்பாக்கம் நிலையத்தில் இறங்கக் கூடாது, திரிசூலத்தில் இறங்க வேண்டும். திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜிஎஸ்டி சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் போய்விடலாம். மெட்ரோவிலும் இதே குழப்பம் உண்டு. மீனம்பாக்கம் மெட்ரோ என்று ஒரு நிலையம் தனியாக இருக்கிறது. நாம் இறங்க வேண்டியது அதற்கு அடுத்து, கடைசியில் வரும் விமான நிலையம் மெட்ரோ.

தென் மாவட்டத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டித் திரிசூலம். பேருந்தில் வந்தால் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் 30-இல் அந்த முனையத்தைத் திறந்த பிறகு, கோயம்பேடு வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை. அங்கிருந்து ஜிஎஸ்டி சாலை வழியாகப் போகும் மாநகரப் பேருந்துகள் விமான நிலைய வாசல் வழியாகத்தான் போகின்றன. ஆனால் முப்பது கிலோ பெட்டியை வைத்துக்கொண்டு காலை நேரக் கூட்டத்தில் பேருந்து ஏறுவது சிரமம். இரண்டு பேர் சேர்ந்து ஆட்டோவோ காரோ பிடிப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது.

மெட்ரோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ வந்தது நம் ஊருக்குக் கிடைத்த பெரிய வசதி. விம்கோ நகரிலிருந்து வரும் நீல வழித்தடம் நேராக விமான நிலையம் வரும். சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாக வரும் பச்சை வழித்தடம் பரங்கிமலையில் முடியும். அதில் ஏறியவர்கள் ஆலந்தூரில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஆலந்தூரில் இரண்டு தளங்களில் நடைமேடைகள் இருக்கின்றன, அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு மாறினால் போதும். மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கி இரவு பதினொன்று வாக்கில் முடிந்துவிடுகிறது. அதிகாலை நான்கு மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டுமென்றால், இரவே போய் உள்ளே காத்திருக்க வேண்டியதுதான். வயதானவர்களை அப்படி உட்கார வைக்காதீர்கள். வண்டி வைத்துக் கூட்டிப்போங்கள்.

இப்போது பன்னாட்டு விமானங்களுக்கு டி2, உள்நாட்டுக்கு டி1, டி4. பழைய ஆட்கள் இன்னமும் அண்ணா டெர்மினல், காமராஜர் டெர்மினல் என்பார்கள். பன்னாட்டு முனையம் அண்ணா பெயரிலும், உள்நாட்டு முனையம் காமராஜர் பெயரிலும் இருப்பதால் வந்த பழக்கம். டி3 என்ற பழைய கட்டடத்தை இடித்து அங்கே புதிய முனையத்தின் இரண்டாம் பகுதியை எழுப்புகிறார்கள். டி2-வின் முதல் பகுதியைப் பிரதமர் 2023 ஏப்ரல் 8-இல் திறந்துவைத்தார். கோலம், சேலை, கோவில் என்று நம் அடையாளங்களை வைத்து உள்ளே அலங்கரித்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. முதன்முதலாக ஊரை விட்டுப் போகிறவன் கடைசியாகப் பார்க்கிற கட்டடம் நம் ஊர்ச் சாயலில் இருப்பது நல்ல காரியம். உள்நாட்டுப் பயணம் என்றால் டி1-ஆ டி4-ஆ என்பதை டிக்கெட்டில் பார்த்துக் கார் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது சின்ன தூரம் இல்லை.

பெட்டி கட்டும்போதுதான் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கும். பிரசவத்துக்காக மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பிய அத்தை, பத்தியச் சாமான் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதில் கால் கிலோ கசகசா. "இது இல்லாம அவளுக்கு எப்படிடா குழம்பு வைப்பேன்?" என்றார். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். அமீரகம், சவூதி, கத்தார் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஓபியம் எடுக்கும் அதே செடியின் விதை என்பதால் அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் முந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சாமானுக்காக அங்கே ஜெயிலுக்குப் போக நேரும் என்று அத்தையை நம்ப வைப்பதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. கடைசியில் எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். அதோடு விடாமல் அரைத்து வைத்திருந்த மசாலாப் பொடியிலும் கசகசா சேர்த்திருக்கிறாரா என்று கேட்டோம். ஒரு டப்பாவில் சேர்த்திருந்தார், அதையும் எடுத்து வைத்தோம். வீட்டில் அரைத்த பொடி எது இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம் என்பதால் அதைத் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கில் வைத்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் ஆகாது, பெரிய பெட்டியில் கசியாமல் கட்டி வைக்க வேண்டும். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: பெரிய பெட்டியில் ஆகாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். அரிவாள்மணை, கத்தி, கத்தரிக்கோல் பெரிய பெட்டியில். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து எதுவாக இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் வளைகுடாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. டிரமடால், கோடீன் கலந்தவற்றுக்கு அங்கே முன் அனுமதியே வாங்க வேண்டும். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது, அதை ஏற்றித் தரும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த கட்டுப்பாடு அது.

இன்னொன்றை நான் கடுமையாகவே சொல்வேன். "அங்க என் மச்சான் வந்து வாங்கிக்குவார், இந்தப் பார்சலை மட்டும் கொண்டுபோய்க் குடுத்துடு தம்பி" என்று யாராவது கொடுத்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. சொந்தக்காரராக இருந்தாலும் பிரி. பிரிக்கக் கூடாது என்றால் வாங்காதே. பெட்டியில் இருப்பது எதுவாக இருந்தாலும் பொறுப்பு பெட்டிக்காரனுடையது. இதில் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது. விமான நிலைய வாசலில் முன்பின் தெரியாதவர் கேட்டால், பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, உள்ளே போன பிறகு நடப்பவை. இதை நான் ஒத்திகையாகவே பார்த்துவிடுவேன். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கவுண்டர். என் மகள் செக்-இன் ஆளாக உட்காருவாள், நான் இமிகிரேஷன் அதிகாரி. பாஸ்போர்ட்டைக் கொடுப்பது, பெட்டியைத் தராசில் வைப்பது, போர்டிங் பாஸில் கேட் எண்ணும் நேரமும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது, பெட்டிக்கான சீட்டைப் பத்திரப்படுத்துவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டாவது சுற்றில் ஆர்வமாகிவிடுவார்கள். அத்தை அன்றைக்கு மூன்றாவது சுற்றும் கேட்டார். கேட் அறிவிப்பு காதில் விழும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்வோம். கேட் எண் மாறுவது சகஜம்.

பழைய ஆட்கள் இமிகிரேஷன் படிவம் பூர்த்தி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். இந்தியர்கள் வெளியே போகும்போது எழுத வேண்டிய அந்தப் படிவம் 2017 ஜூலையோடு போய்விட்டது. இப்போது போய்ச் சேரும் நாட்டுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் இணையத்தில். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வந்திறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. அந்தந்த அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். அதே பெயரில் பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று இருக்கும். சவூதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் இமிகிரேஷனைத் தாண்ட முடியாது. இந்த அனுமதியைத் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். சம்பளம், வேலை, முதலாளி விவரம் எல்லாம் ஒப்பந்தமாக அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகிற ஒரே இடம் அதுதான். அங்கே போய் ஏதாவது ஆனால் கையில் பிடித்துக்கொள்ள அந்தப் பதிவுதான் இருக்கும். பதிவு பெற்ற ஏஜெண்டா என்பதை அதே தளத்தில் பார்க்கலாம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நிலத்தை அடகு வைத்துக் கொடுக்கிறவர்கள் இதை ஒருமுறை அவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஊரிலிருந்து ஒரு தம்பி, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவன், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கிளம்பி எங்கள் வீட்டில் வந்து தங்கினான். ஒத்திகையில் நான் அதிகாரியாக உட்கார்ந்து "எதுக்குப் போறீங்க?" என்றேன். "டூர் போறேன் சார், அஞ்சு நாள்" என்றான். ஏஜெண்ட் அப்படித்தான் சொல்லச் சொன்னாராம். கம்பெனி பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. பாங்காக்கில் ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு எல்லைப் பக்கம் காரில் கூட்டிப்போவார் என்று மட்டும் தெரியும். அவன் அம்மாவைப் போனில் பிடித்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினோம். பணம் கட்டியாகிவிட்டதே என்று அவர் அழுதார். மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடாரங்களில் மாட்டிக்கொண்டு, அடிபட்டு, 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு இதே விமான நிலையத்தில் வந்து இறங்கிய தமிழ்நாட்டுப் பையன்களின் செய்தியை எடுத்துக் காட்டினேன். காலையில் அவன் ஊருக்குப் பேருந்து ஏறினான். கட்டின பணத்தில் பாதி கூடத் திரும்பவில்லை. இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான்.

இமிகிரேஷனில் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிற ஏஜெண்டிடம் எதுவும் சரியாக இருக்காது. வேலைக்குப் போகிறவர் கையில் வேலை விசா இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். உண்மையைச் சொல்லிப் போகிறவருக்கு அதிகாரி கேட்கிற கேள்வியில் பயப்பட எதுவும் கிடையாது. மொழி புரியாவிட்டால், தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

வயதானவர்களுக்கு வீல்சேர். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைத்துவிட வேண்டும், குறைந்தது இரண்டு நாள் முன்னால் விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். "நான் நல்லாத்தானே நடக்குறேன்" என்று அத்தை கோபித்துக்கொண்டார். முழங்கால் வலியும் ஆங்கிலம் தெரியாத தயக்கமும் இருக்கிற அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த நீண்ட நடையும் வரிசையும் எதற்கு? வீல்சேர் தள்ளி வந்த பையன் தேனிப் பக்கமாம். கேட் வரைக்கும் பேசிக்கொண்டே போனதாகப் போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னார். வருஷத்துக்குப் பலமுறை போய்வரும் பிள்ளைகளுக்கு வேறு ஒரு வசதி இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் வேக இமிகிரேஷன் திட்டம் நடக்கிறது. இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகமும் ஒருமுறை கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம். கட்டணம் இல்லை. நான் என் மருமகனைப் பதிய வைத்திருக்கிறேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சென்னை விமான நிலையத்தைப் பற்றி எழுத முடியாது. இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டுத்தான் நீள்கிறது. ஆறு பொங்கினால் அது எங்கே வரும் என்று பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2015 டிசம்பர் 1 இரவு ஓடுபாதையில் தண்ணீர் ஏறி நிலையத்தை மூடினார்கள். சில நாட்கள் திறக்கவே இல்லை. அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். எங்கள் தெருவிலும் தண்ணீர், மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு துபாய்க்குக் கிளம்பியிருக்க வேண்டிய மைத்துனருக்காக விமான நிறுவனத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். 2023-இல் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும் மறுபடி மூடினார்கள். நவம்பர், டிசம்பரில் கிளம்புகிறவருக்கு விசா முடியும் நாளும் வேலையில் சேரும் நாளும் ஒட்டி ஒட்டி வராமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும், இது விதி. ரத்து என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். அதைக் காட்டித்தான் அந்தப் பக்கத்துக் கம்பெனியிடம் பேச முடியும்.

போகி காலையும் அப்படித்தான். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல், வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் விமான நிலையத்தைச் சுற்றி இருக்கும் எங்கள் பகுதிகளில் டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போது பழைய பாயும் முறமும் மட்டும் பேருக்குக் கொளுத்துகிறோம். பொங்கலுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் போகி விடியலில் வந்திறங்கும் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வருகிறவர்களை அழைக்கப் போகும்போது ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஓலா, ஊபர் வண்டிகள் வருகை வாசலுக்கு வராது, பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குத்தான் வரும். பெட்டியோடு அங்கே வரைக்கும் போக வேண்டும், வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. சொந்தக் கார் கொண்டுபோகிறவர்கள், விமானம் தரையிறங்கிய உடனே கிளம்பாமல், பெட்டி கைக்கு வந்த பிறகு போன் போடச் சொல்லிக் கிளம்பலாம், பொழிச்சலூரிலிருந்து எனக்கு அது சரியாக இருக்கிறது. நகை கொண்டுவருகிறவர்களுக்கு: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் வரைதான் நகைக்குச் சலுகை. அதற்கு மேல் இருந்தால் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். சொல்லிக் கட்டுகிறவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. வெளிநாட்டில் இறந்தவரின் உடல் பயணிகள் முனையத்துக்கு வராது, சரக்கு வளாகத்துக்குத்தான் வரும். பக்கத்து ஊர்க் கொத்தனார் சவூதியில் மாரடைப்பில் போனபோது, அவர் தம்பிகளோடு நான் அங்கே போனேன். இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், விமானச் சரக்குச் சீட்டு எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும். வாங்குகிறவரின் அடையாள அட்டையும் வேண்டும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்தில் முன்கூட்டியே சொன்னால், விமான நிலையத்திலிருந்து சொந்த ஊர் வரைக்கும் இலவசமாக அமரர் ஊர்தி தருகிறார்கள். இது தெரியாமல் தனியார் வண்டிக்குக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அவர் குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருந்தது அவர் விட்டுவிட்டுப் போயிருந்த ஒரு கவர். பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலை ஒப்பந்தம், கம்பெனி முகவரி, கூடவே தங்கியிருந்தவரின் போன் எண், காப்பீட்டுச் சீட்டு எல்லாம் அதில் இருந்தன. அதனால்தான் எந்தச் சான்றுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. இசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வந்து தங்குகிற யாராக இருந்தாலும், பெட்டியை மூடுவதற்கு முன் தெருமுனைக் கடைக்குப் போய் இந்தக் காகிதங்களை இரண்டு செட் நகல் எடுத்து வந்துவிட வேண்டும். ஒரு செட் அவர் கைப்பையில், இன்னொன்று ஊரில் வீட்டுப் பீரோவில். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்வேன்.